புகார்: கோளாறு பிளேடில் இல்லை, வலது ரோலரில்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

இது ஏழாவது கடிதம். முந்தைய ஆறுக்கும் தனித்தனியாகப் புகார் எண் கொடுத்தீர்கள். ஆறும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டுவிட்டன. என்ன தீர்ந்தது என்று தேடிப் பார்த்தேன். பொறுமை ஒன்றுதான் தீர்ந்திருக்கிறது.

பழைய டப்பா, குடுவை, முக்காலிகளை அலங்கரிக்க வினைலும் (பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) ஸ்டென்சிலும் (சாயம் ஒற்ற வடிவம் வெட்டிய தாள்) வெட்டத்தான் உங்கள் மெஷினைப் பயன்படுத்துகிறேன். கோளாறு இதுதான். உங்கள் கட்டிங் மெஷினில் வலது பக்க ரோலர் மேட்டை (வெட்டும் தாளை ஒட்டி உள்ளே விடும் பசைவிரிப்பை) அழுத்திப் பிடிப்பதில்லை. மேட் முன்னும் பின்னும் ஓடும்போது இடப்பக்கம் சரியாக நகர்கிறது, வலப்பக்கம் வழுக்கிப் பின்தங்குகிறது. 2 செ.மீ. பூ வெட்டினால் இந்தக் குறை கண்ணில் படாது. 20 செ.மீ. வளையம் வெட்டினால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் 1.5 மி.மீ. விலகி நிற்கும்.

ஊகித்து எழுதவில்லை. பிளேடைக் கழற்றிவிட்டுப் பேனாவை மாட்டி, மேட்டை வெளியே எடுக்காமல், ஒரே தாளில் 20 செ.மீ. சதுரத்தை மூன்று முறை வரையவிட்டேன். குறுக்குக் கோடுகளைப் பாருங்கள் (தாளை இணைத்திருக்கிறேன்). இடது முனையில் மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. வலது முனைக்குப் போகப் போக விசிறி மாதிரி விரிகின்றன. பேனாவுக்கு பிளேடு ஆஃப்செட் (பிளேடின் நுனி அது சுழலும் அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரம்) கிடையாது. ஆஃப்செட் தவறாக இருந்தால் மேட்டின் எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே மாதிரி மூலை மழுங்கும், இல்லாவிட்டால் மூலைக்கு மூலை வால் முளைக்கும். இங்கே கெடுவது வலப்பக்கம் மட்டும்.

புது மேட் போட்டும் பார்த்தாயிற்று. மெஷினை அணைத்துவிட்டு, ரோலருக்கு அடியிலிருக்கும் சொரசொரப்பான உருளையில் படிந்த காகிதத் தூசியை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தும் பார்த்தாயிற்று. கடைசியாக, ஒரு தாள்துண்டை இடது ரோலருக்கு அடியில் செருகி இழுத்தேன், கிழிந்தது. அதே தாளின் மறுபாதியை வலது ரோலரில் செருகி இழுத்தேன், சாவகாசமாக வெளியே வந்தது. இதற்கு மேல் நிரூபிக்க என்ன இருக்கிறது? உங்கள் மெஷின், உங்கள் ரோலர், அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் கஸ்டமர் கேரில் பேசிய ஐந்து பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பிளேடை மாற்றுங்கள். மேட்டை மாற்றுங்கள். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். வேறு வினைல் வாங்குங்கள். முனை மழுங்கிய பிளேடு மூலையைக் கிழிக்கும், சிறிய எழுத்துகளைப் பிய்த்து இழுக்கும், ஓரத்தில் நார் விடும். கோட்டை இடம் மாற்றி வைக்காது. இதை விளக்கியபோது நான்கு பேர் கேட்டுக்கொண்டாவது இருந்தார்கள்.

ஐந்தாவது நபர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பழைய டப்பாலதானே மேடம் ஒட்டப் போறீங்க? ஒரு மில்லி அப்படி இப்படி இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்கள் பதிவில் இருக்கும், அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று நீங்கள்தானே முதலில் சொல்கிறீர்கள். போட்டுக் கேளுங்கள்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டாரே, அதற்குப் பதில்: டப்பாவுக்கே தெரியும். 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத் தகர டப்பாவின் சுற்றளவு 47.1 செ.மீ. உங்கள் மேட்டின் அகலமும் நீளமும் 30 செ.மீ. சொச்சம்தான். ஆகவே டப்பாவைச் சுற்றி ஒட்டும் வினைல் பூப்பட்டையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 235.5 மி.மீ. நீளம், வரிசையாக ஆறு பூ, ஒரு பூவுக்கு 39.25 மி.மீ. என்று கணக்குப் போட வேண்டும். இரண்டு பட்டையும் டப்பாவைச் சுற்றி வந்து சந்திக்கும்போது பூவின் பாதி இதழ் இன்னொரு பாதியோடு பொருந்த வேண்டும். பட்டையை மேட்டின் இடப்பக்கம் வைத்து வெட்டினால் 235.5 வருகிறது. வலப்பக்கம் வைத்து வெட்டினால் 234. அந்த ஒன்றரை மி.மீ. பூவின் நடுவில் தகரமாகத் தெரிகிறது. வினைலை இழுத்து ஒட்டினால் சேருமே என்று மூன்றாவது நபர் யோசனை சொன்னார். இழுத்து ஒட்டிய வினைல் சில நாளில் மெல்லச் சுருங்கும், ஓரம் தூக்கும். உங்கள் விற்பனைப் பொருள்தானே அந்த வினைலும்?

அளவுத் திருத்தம் செய்யும் பக்கத்தில் நீளத்தைக் கூட்டிவைக்கலாம் என்று மின்னஞ்சலில் ஒருவர். வழுக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் கூட்டலாம். ஒரு முறை 1.5, அடுத்த முறை 0.8, அதற்கடுத்த முறை மறுபடி 1.5. எதைக் கூட்டுவது?

பட்டையாவது பரவாயில்லை, உரித்து எறிந்துவிட்டு வேறு ஒட்டலாம். ஸ்டென்சில் விஷயத்துக்கு வாருங்கள். கெட்டியான ஸ்டென்சில் ஃபிலிமை ஒரே வெட்டில் அறுக்க முடியாது. அழுத்தத்தை ஏற்றி ஒரே மூச்சில் வெட்டினால் பிளேடின் நுனி உடையும். அதனால் நடுத்தர அழுத்தத்தில் இரண்டு அல்லது மூன்று சுற்று ஓட்டச் சொல்லி உங்கள் மென்பொருளே பரிந்துரைக்கிறது. அதற்கு இரண்டாம் சுற்று, முதல் சுற்று போட்ட கீறலிலேயே இறங்க வேண்டும். இந்த மெஷினில் அரை மி.மீ. தள்ளி இறங்குகிறது. விளைவு, இரட்டைக் கோடு, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு நார், பெயர்த்து எடுக்கப் போனால் வடிவத்தின் உட்பகுதிகளைப் பிடித்திருக்கும் பாலம் அறுந்துவிடுகிறது. அப்படி அறுந்த ஸ்டென்சில்களை எடைக்குப் போடலாம், அத்தனை சேர்ந்துவிட்டன.

கண்ணாடி இன்னும் மோசம். பழைய கண்ணாடிக் குடுவையில் வினைலை ஸ்டென்சிலாக ஒட்டி, எட்சிங் கிரீம் தடவி, சொன்ன நேரம் வைத்துக் கழுவினால் கண்ணாடியே அரிக்கப்பட்டு வெள்ளை படியும். படிந்தது படிந்ததுதான். குடுவையின் ஒரு பக்கம் முடித்து, அடுத்த பக்கத்தைப் பொருத்தும்போதுதான் கோணல் தெரிகிறது. அதை அழிக்க ரப்பர் கிடையாது. புதுச் சாமான் என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பழையதற்கு இன்னொன்று இல்லை. ‘பழைய டப்பாதானே’ என்றவருக்கு இதைத்தான் சொல்ல முயன்றேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மன்னிக்கவும், வரிசை மாறுகிறது. சர்வீஸ் சென்டர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்று முறை மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் முறை, அடாப்டர் இல்லாமல் வாங்கமாட்டோம் என்றார்கள். போனில் கேட்டபோது மெஷின் மட்டும் போதும் என்றது உங்கள் ஆள்தான். இரண்டாம் முறை, பார்ப்பவர் விடுப்பு. மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, ஒன்பது நாள் வைத்திருந்து, ‘குறைபாடு எதுவும் இல்லை’ என்று ஒரு சீட்டோடு கொடுத்தார்கள். சீட்டோடு ஒரு சோதனை வெட்டும் இருந்தது. என்ன தெரியுமா? சாதாரணத் தாளில், மேட்டின் இடது மூலையில், 2 செ.மீ. நட்சத்திரம்! காய்ச்சல் என்று போனவனுக்குப் பல்லைப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்த மாதிரி. சிறிய வடிவம், மெல்லிய தாள், குறைந்த அழுத்தம், இடப்பக்கம். இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாத நான்கு நிபந்தனைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதித்திருக்கிறீர்கள். தற்செயலாக என்றால் அது பெரிய சாதனை.

அதே சீட்டின் அடியில் கையால் எழுதிய ஒரு வரி: ‘வாடிக்கையாளர் பயன்படுத்தும் பொருளின் மேற்பரப்பு சரியில்லாமல் இருக்கலாம்.’ வெட்டுவதைப் பற்றிப் புகார் சொன்னால் ஒட்டுவதைப் பற்றிப் பதில். இருந்தாலும் மேற்பரப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறுபடி அதைக் காரணம் காட்டாமலிருக்க.

தகரமும் கண்ணாடியும் சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, உலர்த்தி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கப்பட்டவை. துடைத்த பிறகு விரல் படவில்லை. துரு இருந்த இடம் உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடிக்கப்பட்டது. மர முக்காலி முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டது, சிலிகான் பாலிஷ் மிச்சமிருந்தால் எதுவும் ஒட்டாது என்பதால் அதற்கு முன்பே பழைய பாலிஷ் துடைத்து எடுக்கப்பட்டது. சாயம் அடித்தபின் ஸ்டென்சில் ஒட்ட இரண்டு வாரம் விட்டேன். உங்கள் கையேடு ஒரு மணி நேரம் போதும் என்கிறது. தயவுசெய்து அந்த வரியை நீக்குங்கள். தண்ணீரில் கரையும் சாயம் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, அவ்வளவுதான். உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள், வெட்டிய வடிவத்தை எடுத்து ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப்பைப் போட்டு இழுத்தால் சாயம் தோலாக உரிந்து டேப்போடு வரும். எத்தனை பேர் அந்த வரியை நம்பி எத்தனை நாற்காலியைக் கெடுத்தார்களோ.

ஸ்டென்சிலின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே மெல்லிசாக ஒரு பூச்சு ஒற்றி, அது காய்ந்த பிறகுதான் மேல்நிறம் ஒற்றப்பட்டது. கசியும் இடத்தை அடிநிறமே அடைத்துவிடும். மேல்நிறம் ஈரமாக இருக்கும்போதே ஃபிலிம் உரிக்கப்பட்டது. ஓரம் கத்தி வைத்த மாதிரி இருக்கிறது. கோணலாக இருக்கிறது, ஆனால் ஓரம் சுத்தம். கைவேலையில் குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இழப்பைக் கேட்டிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பாழான வினைல் சுருள்கள், ஸ்டென்சில் ஃபிலிம், நீங்கள் மாற்றச் சொன்னதற்காக வாங்கிய இரண்டு பிளேடு, ஒரு மேட். மூன்று பயணம். இனி எந்தக் கடையிலும் கிடைக்காத இரண்டு குடுவை. ஒரு வருட உழைப்பு மொத்தமும் இந்த ரோலருக்கு அடியில் நசுங்கிவிட்டது என்றால் மிகையில்லை. ரோலர் நசுக்கவே இல்லை என்பதுதான் புகார், அது வேறு.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. இடப்பக்கம் அது வெட்டும் வெட்டு அத்தனை அழகு. அடியில் இருக்கும் காகிதத்தைத் தொடாமல் வினைலை மட்டும் அறுக்கும் அந்த நிதானத்துக்காகத்தான் இத்தனை முறை எழுதுகிறேன்.

நான் கேட்பது:

வலது ரோலரையும் அதன் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். மாற்றிய பின், என் கண்முன்னே, பேனாவால் 20 செ.மீ. சதுரத்தை மூன்று முறை ஒரே தாளில் வரைந்து, வலது முனையில் மூன்று கோடும் ஒன்றாக விழுவதைக் காட்டுங்கள். அந்தத் தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நட்சத்திரம் வேண்டாம். முடியாது என்றால் வேறு மெஷின் கொடுங்கள், அதற்கும் இதே சோதனை. வாரன்டி முடிய இன்னும் நாள் இருக்கிறது. முதல் புகார் எழுதிய தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், ‘தீர்க்கப்பட்டது’ என்று நீங்கள் மூடிய தேதிகளை அல்ல.

15 நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் ஆறு புகார் எண்கள், கோடு விரிந்த தாள், இரண்டு பட்டைகள், உங்கள் நட்சத்திரம், எல்லாவற்றையும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வைப்பேன். அங்கே அந்த அழைப்புப் பதிவையும் கேட்டு வாங்குவேன். ஒரு மில்லி யாருக்குத் தெரியும் என்பதை அங்கே அளவுகோல் வைத்துப் பேசலாம்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பேனாச் சோதனைத் தாள், இடப்பக்கம் வெட்டிய 235.5 மி.மீ. பட்டை, வலப்பக்கம் வெட்டிய 234 மி.மீ. பட்டை, இரட்டைக் கோடு விழுந்த ஸ்டென்சில் துண்டு, சர்வீஸ் சென்டர் சீட்டு, நட்சத்திரத்துடன்.

பி.கு.: மெஷினோடு கொடுத்த மேட்டைத் திருப்பித் தரும்போது அதன் பாதுகாப்பு ஃபிலிமைக் காணோம். ஒன்பது நாளும் திறந்தே கிடந்திருக்கிறது போல, பசை முழுக்கத் தூசியும் தலைமுடியும். என் முடி இல்லை. ஒரு புது மேட்டும் சேர்த்து அனுப்புங்கள்.