ரெகுலேட்டரைக் கழற்றாமல் மெஷினில் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்கூபா டைவிங் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதுச்சேரியிலும் அந்தமானிலும் முதல்முறையாகக் கடலுக்குள் இறங்குகிறவர்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கருவிகளை 'அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுச் சுத்தம் செய்துவிடுகிறார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்ததே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. சிலிண்டரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவிதான் ரெகுலேட்டர், அதை சர்வீஸ் செய்வதுதான் என் வேலை.

மெஷினில் எந்தக் குறையும் இல்லை. தொட்டியின் அடியில் இருக்கும் அதிர்வான் வினாடிக்கு 40,000 தடவை அதிர, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உண்டாகி உடைகின்றன. பிரஷ் நுழையாத துளையிலும் மரையிலும் இருக்கிற அழுக்கைப் பெயர்ப்பது அந்தக் குமிழ்கள்தான். ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டுகிற பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. உள்ளே கடல்நீர் புகுந்து காய்ந்தால் உப்பு கட்டும், பச்சைக் களிம்பு பிடிக்கும். அதிர்வு மட்டும் களிம்பைக் கரைத்துவிடாது, பித்தளைக் குடத்துக்குப் புளி வேண்டியிருக்கிற மாதிரி இதற்கும் ஒரு புளிப்பு வேண்டும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, சில நிமிடம் மட்டும் ஓட்டி, நடுநடுவே எடுத்துப் பார்க்க வேண்டும். அதிக நேரம் விட்டால் குரோம் எங்கே லேசாகத் தேய்ந்திருக்கிறதோ அங்கே உரிய ஆரம்பிக்கும், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய் உலோகம் ரோஜா நிறமாகும், அதற்குப் பிறகு அந்தப் பாகத்தை நம்ப முடியாது. அலுமினியப் பாகங்களைப் பித்தளையோடு ஒரே தொட்டியில் போடவும் கூடாது.

என் மனக்குறை இதில்தான். சில இடங்களில் ரெகுலேட்டரைக் கழற்றுவதே இல்லை, முழுசாக அப்படியே தொட்டியில் இறக்கி, வெளியே பளபளவென்று ஆனதும் துடைத்துக் கொடுத்து 'அல்ட்ராசோனிக் சர்வீஸ்' என்று பில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே போன வினிகர் தண்ணீர், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு அடியில் தேங்கி நிற்கும். பெயர்ந்த உப்புத் துணுக்கு நேராகப் போய், காற்று வழியை மூடுகிற சீட்டின் மேல் உட்காரும். சீட் சரியாக மூடவில்லை என்றால் 9, 10 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்க வேண்டிய, இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவே உள்ள இடை அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, வாயில் வைக்கிற செகண்ட் ஸ்டேஜ் தானாகக் காற்றைக் கொட்ட ஆரம்பித்துவிடும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு, அங்கே இப்படி நடந்தால் சிலிண்டர் நிமிடங்களில் காலி. அனுபவம் குறைந்தவர் அந்தப் பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே வந்தால் நுரையீரலே கிழியலாம்.

ஆகவே முழுசாகக் கழற்றி, ஓ-ரிங், சீட், டயாஃப்ரம் (வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு) எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு உலோகப் பாகங்களை மட்டும், அதுவும் கூடையில் வைத்துத்தான் இறக்க வேண்டும், தொட்டியின் அடியில் படக் கூடாது. மவுத்பீஸ், மாஸ்க் போன்ற சிலிக்கோன் பொருள்களை இதில் போட்டுப் பெரிய பலன் கிடையாது, மெத்தென்ற பொருள் அதிர்வை வாங்கிக்கொள்ளும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீரும் கிருமிநாசினியும் போதும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அமிலத்தைப் போக்கிவிட்டு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நம் கடற்கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கிறது, அதில் அலசினால் மறுபடி உப்புதான் படியும்! கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. நகைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் என்று ஆன்லைனில் மலிவாக விற்கிற சிலவற்றில் அல்ட்ராசோனிக்கே இருக்காது, சும்மா மோட்டார் நடுங்கும். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை ஒரு நிமிடம் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். நிஜமான மெஷின் என்றால் தாள் பொத்தல் பொத்தலாகிவிடும்.

சொந்த ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள், மாற்றிய பழைய ஓ-ரிங்கையும் சீட்டையும் கையில் கேட்டு வாங்குங்கள், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி முள் ஓரிடத்தில் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். வாடகைக்கு எடுக்கிறவர்கள், சிலிண்டரில் மாட்டுவதற்கு முன்னால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, துருநிறமாக இருந்தால் முன்பு மாட்டிய ஏதோ ஒரு சிலிண்டருக்குள் துரு இருந்திருக்கிறது. வேறு ரெகுலேட்டர் கேளுங்கள், தரவில்லை என்றால் அன்றைக்குக் கடலில் இறங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி