அப்பாவுக்கு, சிகாகோவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரி, சங்கத்தைப் பற்றி ஒரு பக்கம்! மில்லை மூடியும் செயலாளர் புத்தி போகவில்லை என்று அம்மா சொல்வது சரிதான்.

எங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையிலும் சங்கம் உண்டு, சந்தா கட்டுகிறேன். ஆனால் பேச்சுவார்த்தை என்றாலே, ஆலையை மெக்சிகோவுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்கிறார்கள். வெறும் மிரட்டல் என்று தள்ளவும் முடியாது. இதே ஊரில் ஓரியோ பிஸ்கட் ஆலையில், ஆண்டுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் மிச்சமாகிற மாதிரி விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். சங்கம் படியவில்லை. 2015ல் புது இயந்திரங்கள் மெக்சிகோவுக்கு என்று முடிவாகி, அடுத்த ஆண்டே ஆள்குறைப்பு. சுமார் 600 பேருக்கு வேலை போயிற்று.

கூலிதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். மிட்டாய்க்குச் சர்க்கரையும் ஒரு காரணம். கரும்பு விவசாயிகளையும், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு விவசாயிகளையும் காக்க வெளிநாட்டுச் சர்க்கரைக்கு அரசு கோட்டா வைத்திருக்கிறது. உலக விலையைப் போல இரண்டு மடங்கு வரை இங்கே விற்ற வருஷங்கள் உண்டு. மூட்டையாக வந்தால்தான் கெடுபிடி, மிட்டாயாக வந்து இறங்கினால் வழி விடுகிறார்கள். மிச்சிகனில் செய்த லைஃப் சேவர்ஸ் மிட்டாயை கனடாவுக்கு மாற்றப்போவதாக 2002ல் அறிவித்தபோதும் சர்க்கரை விலையைத்தான் சொன்னார்கள். விவசாயியும் பிழைக்க வேண்டாமா என்பீர்கள். சரி, மிட்டாய் கிண்டுகிறவன்?

மாடி வீட்டுக் கிழவர்தான் வேடிக்கை. பேக்கரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடையில் என்னைக் கண்டால் போதும், என் கூடையில் கைவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எங்கே செய்தது என்று படிப்பார். மெக்சிகோ என்றிருந்தால் தானே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடுவார். மெக்சிகோவில் செய்த பிஸ்கட்டை வாங்காதீர்கள் என்று அந்த ஓரியோ ஆலைச் சங்கம் 2016ல் சொன்ன புறக்கணிப்பு அவருக்கு இன்னும் முடியவில்லை. பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து அள்ளிப் போடுகிறார், அதனால் நான் வாய் திறப்பதில்லை.

இப்போது ஷிஃப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது. இந்த மாதப் பணம் 10ஆம் தேதிக்கு மேல் வரும். பாங்கில் ஏதோ தாமதம்.

இங்கே சர்க்கரையோடு சேர்ப்பது சோளப் பாகுதான். கொதித்தாலும் வாசனை இல்லை. அம்மா வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, கிண்ணத்தில் போட்டு டங்கென்று கேட்கிறதா என்று பார்ப்பாளே, அந்த ஞாபகம். சூப்பர்வைசர் கூப்பிட்டதுகூட காதில் விழவில்லை அப்பா.

அப்புறம், தம்பி மெஷினுக்குக் கடன் கேட்கிறானாமே. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவனுக்கு ஏற்றுமதிப் பைத்தியம். பாக்கெட் போடும் மெஷின் மட்டும் வாங்கட்டும், பாகு கையால் கிண்டட்டும். வேலை செய்யும் அக்காமாருக்கு தீபாவளி போனஸைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய மாமா ஜாமீன் போடுகிறேன் என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், செல்வி கல்யாணத்தில் பட்டது போதும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவே கூடாது. அது பீரோவில் மேல்தட்டில்தான் இருக்கிறதா என்று அம்மாவை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்