சனிக்கிழமை இரவு இனிப்பு: தணலில் சுட்ட நேந்திரம்பழம்

நண்பர்களே, ஏலகிரி முகாமில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பை நாமே செய்துகொள்ளலாம். நெருப்பில் வாட்டித் தின்னும் மார்ஷ்மெல்லோ மிட்டாய் வேண்டாம். பெரும்பாலானவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், நம்மில் பாதிப்பேர் சைவம்.

ஆளுக்கு ஒரு நேந்திரம்பழம் கொண்டுவாருங்கள். தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்த பழம்தான் சரி. காயாக இருந்தால் துவர்க்கும். தோலை உரிக்காமல் நீளவாக்கில் கீறி, பொடித்த வெல்லம், தேங்காய்த்துருவல், ஏலக்காய்த்தூள் அடைத்து, அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கீறல் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாகு முழுக்கத் தணலுக்குத்தான்!

கொழுந்துவிட்டு எரியும்போது வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. விறகு தணலாக நேரம் எடுக்கும் என்பதால் 7 மணிக்கே நெருப்பு மூட்டிவிடுவோம். தணலில் சுமார் 10 நிமிடம் போதும். உருகிய வெல்லம் பொல்லாதது, ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளுக்குப் பெரியவர்களே பிரித்துக் கொடுங்கள்.

நெருப்பு முகாமின் குழியில் மட்டும்தான். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம்.

வெல்லம், தேங்காய் நான் வாங்கிவிடுகிறேன். நீளமான இடுக்கி யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள்.