அலமாரியில் ஒன்பது கரடிகள்

அன்புள்ள செல்வி,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒன்பது கரடிப் பொம்மைகள், இரண்டு தட்டு நிறைய. அழகாகத்தான் இருக்கின்றன. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். போன மாதமும் வெறும் படம்தான் வந்தது. சரி, வேலை இருக்கும்.

"இது முதலீடு அப்பா" என்று ஒருமுறை சொன்னாய் அல்லவா, அதனால் உட்கார்ந்து படித்தேன். ஷ்டைஃப் என்ற ஜெர்மன் பொம்மை நிறுவனத்தின், காதில் பொத்தான் வைத்த கரடி, 1904-லிருந்து அந்தப் பொத்தான் வருகிறதாம். கரடிக்குப் போர்த்துகிற மொஹேர் என்பது அங்கோரா ஆட்டு ரோமம் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. வேலைப்பாட்டுக்குக் காசு கொடுப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். சின்ன வயதிலேயே தையலைத் திருப்பிப் பார்த்துத்தான் துணி எடுப்பாய், அந்தக் கண் உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

ஆனால் முதலீடு வேறு விஷயம். 1994-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'டெடி கேர்ள்' 1,10,000 பவுண்டுக்குப் போனதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அது 1904-ம் வருடத்துக் கரடி, பாப் ஹெண்டர்சன் என்ற ராணுவ அதிகாரி சிறுவயதிலிருந்து கூடவே வைத்திருந்தது. அந்தக் காலத்துக் கரடிகள் பெரும்பாலும் குழந்தைகள் இழுத்தும் கடித்தும், பூச்சி அரித்தும் ஒழிந்துபோயின. மிஞ்சியது கொஞ்சம், அதனால் அந்த விலை. இன்றைக்கு 1,500 மட்டுமே என்று எண் போட்டு விற்றால், வாங்குகிற 1,500 பேரும் பெட்டி கசங்காமல், சான்றிதழ் மடங்காமல் பத்திரப்படுத்துகிறார்கள். ஒன்றுகூடத் தொலையாது, பின்னே எப்படி அரிதாகும்? விற்கப் போனால் போட்ட காசு வந்தாலே பெரிது. கடன் அட்டையில் மட்டும் வாங்காதே.

பீனி பேபி என்ற குட்டித் துணிப் பொம்மைகளின் கதை தெரியும்தானே? இந்தப் பொம்மையை இனிச் செய்ய மாட்டோம் என்று நிறுவனம் சொன்னதும் ஜனங்கள் அடித்துக்கொண்டு வாங்கினார்கள். 1999-ல் லாஸ் வேகஸில் விவாகரத்தான கணவனும் மனைவியும் நீதிமன்றத் தரையில் உட்கார்ந்து, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று அதைப் பிரித்துக்கொள்கிற புகைப்படம்கூட இருக்கிறது. அப்புறம் கொஞ்ச நாளிலேயே பெரும்பாலானவற்றைச் சீந்துவார் இல்லை.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. விலையைப் பற்றிச் சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நலமா? அந்த அலமாரியில் முன்பு அவருடைய புத்தகங்கள் இருந்ததாக நினைவு. வேறு அறைக்கு மாற்றியிருப்பீர்கள்.

உனக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் தபால்தலை ஆல்பங்கள் ஆறும் உன் படிப்புக்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் வியாபாரி ஒருவரிடம் எடுத்துப்போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதே முதல் நாள் உறைகள் எல்லார் வீட்டிலும் இருக்கு சார்" என்றார், தபால்தலை வெளியாகும் நாளிலேயே முத்திரை குத்திய உறைகளைத்தான் சொன்னார். அம்மாவிடம், விலை ஏறட்டும், பிறகு விற்கலாம் என்று சொல்லிவிட்டேன். உன் கட்டணத்தை அவள்தான் கட்டினாள், அவளுடைய சேமிப்பிலிருந்து. இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

அதுகூடப் பெரிதில்லை. நானும் அம்மாவும் பேசிக்கொள்ளாத அந்த ஒன்றரை வருடம் உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது தினமும் ராத்திரி ஆல்பத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒட்டியதையே பிரித்துத் திரும்ப ஒட்டுவேன். பக்கத்து அறையில் அவள் விழித்திருப்பது தெரியும். எழுந்துபோய் ஒரு வார்த்தை பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது. கேட்டால் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கரடியைத் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. வைத்துக்கொள். பெட்டியிலிருந்து எடுத்தே வை. அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன், ஒன்பதையும் எண்ணினாள், அப்புறம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறோம், எடு. விலை பற்றிக் கேட்க மாட்டேன்.

கடன் அட்டையில் வாங்காதே.

அப்பா