கயிறு பேத்தியிடம் இருக்கிறது

ரங்கூன்
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் போன வாரமே போனில் வந்துவிட்டது. பேத்தி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். உன் முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். வியாசர்பாடியில் அத்தோ, அதுதான் நம்ம பர்மா நூடுல்ஸ், கடைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே அதையே நான் பிசைந்து வைத்தால் சின்னதுகள் தொடுவதில்லை.

நீ திட்டினதும் வந்து சேர்ந்தது. "எழுபது வயசில் புத்தி பிசகிவிட்டதா, பொம்பளைப் பிள்ளையைக் குத்துச்சண்டைக்கு அனுப்புகிறாயே" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் வர நேரமாகும். அதுவரை வேறு வேலை இல்லை.

முதலில் கயிற்றுக் கதை. நம்ம ஊர் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து கயிறு தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? நுனியில் கிளிப்பு, இல்லாவிட்டால் ஒரு பை. பேப்பர்காரன் கீழே மாட்டுவான், நாம் மேலே இழுப்போம். மூணாவது மாடியிலிருந்து இறங்காமல் நான் குடித்தனம் நடத்துவது அந்தக் கயிற்றால்தான். போன மாசம் ஒரு நாள் இழுக்கப் போனால் கயிற்றைக் காணோம். உள்ளே தொம் தொம் என்று சத்தம். பதினாலு வயசுக் கழுதை அதை வெட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, கூடத்தில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருக்கிறது! லுங்கியைத் தூக்கிச் சொருகி, கன்னத்தில் பூசின தனாக்காக் கட்டைச் சாந்து வேர்வையில் கரைந்து கழுத்துவரை வழிகிறது. கீழ் வீட்டு பர்மாக்காரி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறாள். அடிக்கக் கை ஓங்கினேன். "அம்மாச்சி, மேரி கோம் ஒரு மணி நேரம் விடாமல் இப்படி ஆடியிருக்காங்க" என்றாள். ஓங்கின கை அப்படியே நின்றது.

குத்துச்சண்டைக்காரி மேரி கோம் பேர் எனக்குப் புதிதில்லை. நீ 1964இல் கப்பலேறினாய் அல்லவா, உனக்குப் பின்னால் என் சித்தப்பாவும் போனார். மெட்ராஸ் ஒத்துக்கொள்ளாமல், தரைவழியாக இங்கேயே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை வந்தார். எல்லையில் விடவில்லை. அப்படியே மோரே என்கிற எல்லை ஊரில் தங்கிவிட்டார். அவரைப்போல வந்து நின்றவர்களால்தான் அங்கே ஒரு தமிழ்த் தெருவே உண்டானது, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் எழும்பியது. அவர் மகன், என் தம்பி முறை, இந்தப் பக்க எல்லை ஊரான தாமு வழியாக எல்லை திறந்திருந்த காலத்தில் இங்கே வருவான். "எங்க மணிப்பூர்ப் பொண்ணு அக்கா" என்று அவன் சொல்லித்தான் அவளைத் தெரியும். போட்டோ காட்டினான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "நம்ம சின் ஜாதிப் பெண்ணா?" என்றாள், இங்கத்து மலைக்காரர்களைச் சொல்கிறாள். முகவெட்டு அப்படி. கோம் என்பது மணிப்பூரில் ஒரு சின்ன மலை இனம். அவர்கள் பேச்சும் சின்காரர்கள் பேச்சுக்கு உறவுதான்.

மேரிக்கு சுராசந்த்பூர்ப் பக்கம் காங்கதேய் என்கிற கிராமம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர்கள். இவள் முதலில் ஈட்டி எறிந்துகொண்டும் நானூறு மீட்டர் ஓடிக்கொண்டும் இருந்தவள். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மணிப்பூரின் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினதும் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பைத்தியம் பிடித்தது, இவளுக்கும் பிடித்தது. இம்பாலுக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை. 2000இல் மாநிலப் போட்டியில் ஜெயித்து, போட்டோ பேப்பரில் வந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரியும். அவர் இளவயசில் மல்யுத்தம் செய்தவர், ஆனாலும் மகளிடம் என்ன கேட்டார் தெரியுமா? முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வான் என்று. என் மருமகனும் அட்சரம் பிசகாமல் இதையேதான் கேட்டான். நீயும் கேட்டாய். மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களா?

2001இல் பெண்களுக்கென்று முதல் உலகப் போட்டி நடந்தது. அதில் வெள்ளி. பிறகு 2002, 2005, 2006, 2008, 2010 என்று வரிசையாக ஐந்து தங்கம். இதில் எனக்குப் பரிதாபம் ருமேனியாக்காரி ஸ்டெலுட்சா டுட்சா மேல்தான். 2006, 2008, 2010, மூன்று இறுதிப் போட்டியிலும் எதிரே நின்று மூன்றிலும் இவளிடம் தோற்றாள். மூன்று தடவை உலகத்தில் இரண்டாவது ஆள் என்றால் சும்மாவா! அவள் பேரை யார் சொல்கிறார்கள்?

தங்கத்தை விட்டுத் தள்ளு. 2007இல் இவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. 2008இல் சீனாவில் நிங்போவில் உலகச் சாம்பியன். நீயும் நானும் பெற்றவர்கள்தானே? என் பெரியவன் பிறந்து ஒரு வருஷத்தில் எனக்குத் தண்ணீர்க் குடம் தூக்கினாலே இடுப்பு கழன்றுவிடும். நமக்குப் பத்தியச் சோறும் பெருங்காயமும் போட்டுப் படுக்க வைத்தார்கள். இவள் இரண்டைப் பெற்றுவிட்டுப் போய்க் கையுறை மாட்டியிருக்கிறாள்.

அடுத்தது எடை. இதைப் பேத்திதான் தாளில் கோடு போட்டு விளக்கினாள். இவள் சின்ன உடம்புக்காரி, உலகப் போட்டித் தங்கமெல்லாம் 45, 46, 48 கிலோவில். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதல்தடவை வந்தது. வந்ததும் மூன்றே பிரிவு: 51, 60, 75 கிலோ. அதாவது இவள் அளவுக்கு அங்கே இடமே இல்லை. உலகத்தை ஐந்து தடவை ஜெயித்தவள், தன்னைவிட உயரமும் கனமுமானவர்களோடு மோதுவதற்காக உடம்பை ஏற்றினாள். போலந்துக்காரியை 19–14, துனிசியாக்காரியை 15–6 என்று தாண்டி, அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6–11இல் தோற்று, வெண்கலத்தோடு வந்தாள். எனக்கு அந்த வெண்கலம்தான் மற்ற எல்லாவற்றையும்விட உசத்தி.

2018இல் இதற்கு நேர்மாறு. போலந்தில் ஒரு போட்டி, 48 கிலோவில் இறங்க வேண்டும். தராசில் ஏறினால் இரண்டு கிலோ கூடுதல், எடை பார்க்க நாலு மணி நேரம்தான் பாக்கி. அப்போதுதான் அந்த ஒரு மணி நேரக் கயிறு. எடையைக் குறைத்து, ஏறி, தங்கத்தோடு திரும்பினாள். இதைக் கேட்டுவிட்டுத்தான் என் கயிறு போயிற்று.

அதே வருஷம் நவம்பரில் டெல்லியில் ஆறாவது உலகத் தங்கம், மூன்று பிள்ளைக்குத் தாயாக, முப்பத்தைந்தைத் தாண்டின வயசில். உக்ரைன் பெண் இவளைவிட ரொம்பச் சின்னவள். 5–0. முடிந்ததும் அழுதாளே, அதை எங்கள் பிள்ளை நாலு தடவை போட்டுக் காட்டியது. அயர்லாந்தின் கேட்டி டெய்லரின் ஐந்தைத் தாண்டி, ஆண்களில் ஆறு வாங்கின கியூபாவின் சவோனோடு சமமாயிற்றாம். அடுத்த வருஷம் 51 கிலோவில் ஒரு வெண்கலம். ஆக உலகப் போட்டியில் மட்டும் எட்டுப் பதக்கம். ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் தங்கங்கள் தனி.

அவள் செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். 2019 கடைசியில் ஒலிம்பிக் தேர்வுக்காக நிகத் ஜரீனோடு மோதி 9–1இல் ஜெயித்துவிட்டு, கை கொடுக்காமல் இறங்கிப் போனாள். அந்தச் சின்னப் பெண் கேட்டது நியாயமான ஒரு வாய்ப்பு. அதற்கு இத்தனை கோபமா? பெரியவர்களுக்கு வருகிற வியாதி அது, நமக்கும் உண்டு. நிகத் 2022இலும் 2023இலும் உலகச் சாம்பியன் ஆகிப் பதில் சொல்லிவிட்டாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவின் இங்கிரித் வாலன்சியாவிடம் 2–3இல் மேரி தோற்றபோது, தான் ஜெயித்ததாகவே நினைத்திருக்கிறாள். வெளியே வந்து போனைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்ததாம். அதைக் கேட்டபோது பழைய கோபம் போய்விட்டது எனக்கு.

நீ பயப்படுகிறது எனக்கும் புரிகிறது. ஆனால் நம்ம ஊர் லெத்வே சண்டையோடு இதைச் சேர்க்காதே. அங்கே கையில் வெறும் துணிக்கட்டு, முழங்கை, முழங்கால், தலையால் முட்டுவதுகூட உண்டு. எங்கள் அப்பா தேன்பியூ மைதானத்துக்கு அண்ணனைக் கூட்டிப் போவார், என்னை வாசலோடு நிறுத்திவிடுவார். பேத்தியுடையது கையுறையும் தலைக்கவசமும் போட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய லெத்வே ஆள் கற்றுத்தருகிறார். முதல் மாசம் குத்தவே விடவில்லை, காலை எங்கே வைப்பது என்பதுதான் பாடம். சம்பளம் நான் தாலிக்கொடி மாற்றச் சேர்த்த காசிலிருந்து போகிறது. மருமகனுக்குத் தெரியாது. நீயும் போனில் உளறிவிடாதே.

நேற்று ஒத்திகையில் உதடு கிழிந்து வந்தாள். நான்தான் மஞ்சள் வைத்தேன். அப்பனிடம் படியில் விழுந்ததாகச் சொன்னோம். பல்லுக்கு வைக்கிற ரப்பர் தடுப்பு இங்கே சின்ன அளவில் கிடைக்கவில்லை. உங்கள் பக்கம் கிடைத்தால் இரண்டு வாங்கி வை, வருகிற ஆள் யாராவது கொண்டுவரட்டும். அப்படியே ஒரு ஸ்கிப்பிங் கயிறும்.

கீழே மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற மொயிங்காக்காரி கூப்பிடுகிறாள். கயிறு பேத்தியிடம் இருக்கிறது. மூணு மாடியும் நான்தான் இறங்கணும்.

உன்
ராசாத்தி