காயா பூத்துவிட்டது

மடிப்பாக்கம்,
சென்னை.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி தேவலையா? இங்கே பேத்திக்குப் பரீட்சை முடிந்து வீடு இரண்டுபடுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும், என் காயா பூத்துவிட்டது!

2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் வாசல் குல்மோகரை மதில்மேல் சாய்த்ததை நீயே வந்து பார்த்தாய். இனி இந்த மண்ணில் பிறந்த மரம்தான் என்று வீறாப்புப் பேசினேன் அல்லவா? மயிலாப்பூர் கோயிலின் தலவிருட்சமான புன்னைமேல்தான் முதலில் ஆசை. ஆறடி இடத்தில் அதை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவார். அதனால் அடுத்த மழைக்குக் காயாவை நட்டேன். கிண்டிக் காட்டில் புதர்போல நிற்குமே, காசான் என்பார்கள், அதுதான்.

வளர்த்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. அது வளரவே இல்லை. முதல் வருடம் முழுக்க நாலு ஜோடி இலை. "வேம்பு வைத்திருந்தால் இந்நேரம் ஊஞ்சல் கட்டியிருக்கலாம்" என்று கமலா சொல்லாத நாளில்லை. ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போது அவளுடைய ரோஜாத் தொட்டிகள் அத்தனையும் கருகின. இதற்குக் கிடைத்தது அரிசி கழுவிய நீர் மட்டும். தடித்த இலை, மினுமினுப்புக்கூடக் குறையவில்லை.

போன வாரம் ஒரு கோடை மழை. நாலாம் நாள் காலையில் துணி துவைக்கும் கல்மேல் நீலப்பொடி சிந்தியிருந்தது. சொட்டு நீலம்தான் கொட்டிவிட்டது என்று கமலாவைக் கடிந்துகொண்டேன். நிமிர்ந்தால் பூ! நான் இத்தனை நாளும் கிளை நுனியிலேயே தேடியிருக்கிறேன். அதுவோ இலையுதிர்ந்த பழைய குச்சிகளில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு பூத்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நாலே இதழ், நடுவில் நீல நூல்கள். காயாம்பூ வண்ணன் என்று மார்கழி பஜனையில் பாடும்போதெல்லாம் ஏதோ கறுப்பு என்றே நினைத்திருந்தேன். அசடு!

காய் பழுத்துக் கறுத்ததும் கொண்டைக்குருவிகள் விட்டுவைக்காது. முந்திக்கொண்டு நாலைந்து பழம் எடுத்துவைக்கிறேன். உன் கிணற்றடியில் அந்தக் குரோட்டன்ஸ் இன்னும் இருக்கிறதா? பிடுங்கிவிட்டு இடம் ஒழித்து வை.

உன்,
கணேசன்