பல்கலைக்கழக ஊரில் புத்தகக் கடை ஏன் வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்கள் இப்பொழுது எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே படித்துக்கொள்வதால் பல்கலைக்கழகங்களை ஒட்டியுள்ள புத்தகக் கடைகளுக்கு இனி வேலையில்லை என்றும், அங்கே இருப்பவர்கள் விலையைத் தட்டிப் பணத்தை வாங்கிப் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்றும் வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். வியாபாரம் குறைந்திருக்கிறது என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைகளில் நடக்கும் வேலையைப் பற்றி அவர் எழுதியதை, தஞ்சோங் மாலிமில் அப்படிப்பட்ட ஒரு கடையில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் நான் ஏற்றுக்கொள்ள முடியாது. எனக்காக மட்டுமல்லாமல், என்னோடு நாள் முழுவதும் நிற்கும் சக ஊழியர்களுக்காகவும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊர் மலேசியாவில் பேரா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். மலாய் ஆசிரியர்களை உருவாக்குவதற்காக 1922ஆம் ஆண்டு இங்கே திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரிதான் 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அக்கல்லூரியில் 1924 முதல் இயங்கிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஸாபா போன்ற அறிஞர்கள் அமர்ந்து மலாய்ப் பள்ளிகளுக்கான பாடநூல்களை ஆக்கினார்கள். புத்தகம் எழுதுவதும் அச்சிட்டுப் பரப்புவதும் ஒரு நூற்றாண்டாக இந்த ஊரின் வேலையாகவே இருந்திருக்கிறது. இன்று தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் பெற்று ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையோடு பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அவர்களில் பலர் தோட்டப்புறங்களில் பிறந்தவர்கள். சிலருக்கு, பள்ளிக்கூட நூல்நிலையத்திற்கு வெளியே இத்தனை புத்தகங்களை ஒரே இடத்தில் பார்ப்பது அதுவே முதல் முறை.

கல்வியாண்டு தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்த வாசகர் ஒரு நாள் எங்கள் கடையில் வந்து நின்றால் நன்றாக இருக்கும். வருகிற மாணவர்களில் பாதிப்பேருக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது. கல்வி உளவியல், நீல அட்டை, பருமனான புத்தகம் என்பார்கள். அல்லது வகுப்பில் வெண்திரையைப் படம்பிடித்த கைப்பேசியை நீட்டுவார்கள், அதில் ஆசிரியர் பெயரின் பின்பாதி வெட்டுப்பட்டிருக்கும். எங்கள் கடையில் மூத்தவரான அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்ப்பதில்லை. எந்தப் பாடம், எந்த விரிவுரையாளர் என்று இரண்டே கேள்விகள் கேட்டுவிட்டு நேராக அலமாரிக்குப் போவார். அவர் பால்மரம் வெட்டியவர்களின் மகள், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ள பாடநூல்களில் எந்தப் பதிப்பில் எந்த இயல் புதிதாகச் சேர்ந்தது, எதில் அட்டையும் பக்க எண்ணும் மட்டுமே மாறின என்பதைப் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் மேசைமேல் அருகருகே விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டவர். நூறு வெள்ளியைத் தாண்டும் புதிய பதிப்பை வாங்கக் கையைப் பைக்குள் விட்ட ஒரு மாணவனைத் தடுத்து, "தம்பி, உனக்கு இது வேணாம், போன வருசத்துப் பழைய புத்தகம் ஒண்ணு உள்ள இருக்கு, அதுவே போதும்" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதனால் கடைக்கு வரவேண்டிய லாபம் குறைந்தது; முதலாளியும் அதைக் கண்டிக்கவில்லை. கைப்பேசியில் வாங்கும் கடை எதுவும் ஒருவரிடம் இந்தப் புத்தகம் உனக்கு வேண்டாம் என்று சொல்லாது.

அடுத்தது கடன். பிடிபிடிஎன் எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடனுதவியை நம்பித்தான் பெரும்பாலான மாணவர்கள் படிக்க வருகிறார்கள். பணம் கணக்கில் விழுவதற்கு முன்பே வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. அந்த இடைப்பட்ட வாரங்களில் புத்தகம் இல்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்காக எங்கள் கல்லாவின் ஓரத்தில் ஒரு 555 குறிப்புப் புத்தகம் இருக்கிறது. தோட்டத்து மளிகைக்கடைகளில் நம் பெற்றோர் கணக்கு வைத்த அதே சிறிய புத்தகம்தான். பெயர், மெட்ரிக் எண், புத்தகத்தின் தலைப்பு, தொகை ஆகியவற்றை எங்கள் கணக்கர் அங்கிள் அதில் எழுதிக்கொள்வார். சீனரான அவர் பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசுவார். பணத்தைக் கேட்டு ஒருவருக்கும் அவர் செய்தி அனுப்பியதில்லை. பணம் வந்ததும் பிள்ளைகளே வந்து கட்டிவிடுகிறார்கள். ஓரிருவர் கட்டாமல் போனதுண்டு, அவர்களுக்காக மற்றவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். எனக்கும் அதுவே.

தமிழ்ப் புத்தகங்களின் பாடு தனி. அவற்றில் பெரும்பங்கு சென்னையிலிருந்து கப்பலில் கிள்ளான் துறைமுகத்திற்கு வந்து, சுங்கச் சோதனை முடிந்து எங்களிடம் சேர வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. பெட்டி வந்ததும் கடையில் எல்லாரும் கூடிவிடுவோம். மேல்வரிசையில் இருக்கும் புத்தகங்களின் அட்டையைக் கத்தி கீறிவிடாதபடி ஒட்டுத்தாளை மட்டும் மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பட்டியலோடு சரிபார்த்து, முனை நசுங்கியவற்றை விலைகுறைத்து விற்கத் தனியே வைப்போம். எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால், ஈரம் ஏறிய பக்கங்களை மின்விசிறியின் கீழ் விரித்துவைத்துக் காயவிட வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அலமாரியில் அடுக்குபவர் மலாய்க்காரச் சகோதரி. கக் என்றுதான் எல்லாரும் அவரை அழைப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான எழுத்து அட்டை ஒன்றைத் தமிழ் அலமாரியின் பக்கத்தில் ஒட்டிவைத்து, தலைப்பின் முதல் எழுத்தை அட்டையில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு, அகர வரிசை பிசகாமல் அவர் அடுக்குகிறார். யாரும் அவரை இப்படிச் செய்யச் சொல்லவில்லை. தமிழ்ப் பகுதி கலைந்து கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

முழுப் புத்தகத்தையும் போட்டோகாப்பி எடுத்துத் தரும்படி கேட்பவர்களும் வருகிறார்கள். அது 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திற்குப் புறம்பானது என்பதால் எங்கள் கடையில் எடுப்பதில்லை. ஆனால் சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. கேட்பவர் வறுமையால்தான் கேட்கிறார் என்பதை அறிந்து, பழைய படி இருக்கிறதா, சென்ற ஆண்டு வாங்கிய மூத்த மாணவர் யாராவது விற்க விரும்புகிறாரா, நூல்நிலையத்தில் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்வோம்.

புத்தகத்தை மட்டும் விற்று இந்தக் கடை நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் புறப்படும் மாணவர்கள் பயிற்றுத் துணைப்பொருள் செய்ய வாங்கும் மணிலா அட்டை, பசை, லேமினேட் தாள் ஆகியவைதான் வாடகையைக் கட்டுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி புரோட்டோன் சிட்டியில் உள்ள வளாகத்திற்குப் போன பின்பு, நடந்தே கடைக்கு வரும் மாணவர்களும் குறைந்துவிட்டனர். 2012ஆம் ஆண்டு அரசாங்கம் மாணவர்களுக்கு 200 வெள்ளி மதிப்புள்ள புத்தகப் பற்றுச்சீட்டுகளை வழங்கியது. அடுத்த ஆண்டு அது 250 வெள்ளி ஆனது. அந்த நாட்களில் எங்கள் கடையில் வரிசை வெளியே உள்ள ஐந்தடி நடைபாதை வரை நீளும். பற்றுச்சீட்டுகளைக் குறைந்த தொகைக்குக் காசாக மாற்றிக்கொண்டவர்களும், அதை மாற்றிக்கொடுத்த வியாபாரிகளும் இருந்தார்கள் என்பது நாடறிந்தது. எங்கள் கடையில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முறைகேடு நடந்தது என்பதற்காக அந்த உதவியே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. தன் பணத்தில் ஒரு புத்தகம்கூட வாங்க முடியாத பிள்ளை, பாடநூலோடு விருப்பத்திற்கு ஒரு சிறுகதைத் தொகுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனதை அப்போதுதான் பார்த்தேன்.

ஆகவே, சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தமிழ்ப் பாடங்களை நடத்தும் விரிவுரையாளர்கள், பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தங்களுக்குத் தேவையான நூல்களின் பட்டியலைத் தங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளுக்குத் தெரிவித்தால், சென்னையிலிருந்து வரவழைக்கப் போதிய காலம் கிடைக்கும். மாணவர்களும் நடுப்பருவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்திற்கென்று இனி வழங்கப்படும் எந்த அரசாங்க உதவியையும் சிறிய ஊர்க் கடைகளில் எளிதாகப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும். படித்து முடித்துப் பணியில் சேர்ந்துவிட்ட ஆசிரியர்கள், வீட்டில் சும்மா கிடக்கும் தங்கள் பாடநூல்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் ஏதாவது ஒரு கடையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு நாங்கள் நியாயமான விலை தருகிறோம். பணம் வேண்டாம் என்பவர்களின் புத்தகங்களை, அடுத்த பருவத்தில் கேட்டு வரும் முதல் தோட்டத்துப் பிள்ளைக்கு அக்கா இலவசமாகவே கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
புத்தகக் கடை ஊழியர் ஒருவர்,
தஞ்சோங் மாலிம், பேரா.